கேமரா தள்ளி நிற்கலாம், மைக் தள்ளி நிற்கக் கூடாது

டிஎஸ்எல்ஆர் கேமராவில் வீடியோ எடுப்பவர்களில் பெரும்பாலோர் புகைப்படம் எடுத்துப் பழகி வந்தவர்கள். லென்ஸ், வெளிச்சம், வண்ணம் என்று பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசுவார்கள். ஒலி என்று வந்ததும் “அதை எடிட்டிங்ல பார்த்துக்கலாம்” என்று நகர்ந்துவிடுவார்கள். பேட்டி, ஆவணப்படம், மேடை நிகழ்ச்சி என்று பல வருடங்களாக இந்தக் கேமராக்களோடு அலைந்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகத் தெரியும். படத்தில் இருக்கும் குறையைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். கொஞ்சம் இருட்டாக இருந்தாலும், ஃபோகஸ் லேசாக நழுவினாலும், சொல்லும் விஷயம் பிடித்திருந்தால் உட்கார்ந்து பார்ப்பார். பேச்சு காதில் சரியாக விழவில்லை என்றால் அரை நிமிடத்தில் போய்விடுவார். அந்தப் பேச்சை எடிட்டிங்கில் மீட்க நமக்கு இருக்கும் வழிகள் மிகக் கொஞ்சம்.

டிஎஸ்எல்ஆர் அடிப்படையில் புகைப்படக் கருவி. வீடியோ அதில் பிறகு வந்து சேர்ந்தது. 2008-ல் வந்த நிக்கான் டி90 தான் வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர். அதில் வெளி மைக் செருகவே இடம் கிடையாது, உள்ளே இருந்ததும் மோனோ. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட கேனான் 5டி மார்க் 2-ல் மைக் ஜாக் இருந்தது. ஆனால் ஒலியளவை நாமே வைத்துக்கொள்ளும் வசதி 2010-ல் வந்த ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பிப்பில்தான் கிடைத்தது. அதற்கு முன்பே மேஜிக் லான்டர்ன் என்ற இலவச மென்பொருளைக் கேமராவில் ஏற்றி, திரையில் ஒலியளவு மீட்டரைப் பார்த்தவர்கள் உண்டு. ஹெட்போன் ஜாக் 5டி வரிசையில் 2012-ல், மார்க் 3-ல்தான் வந்தது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது இன்றும் இல்லை. படத்துக்குக் கொடுத்த கவனத்தில் பாதிகூட ஒலிக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பாதியை நாம்தான் நம் கையால் போட வேண்டியிருக்கிறது.

கேமராவின் சொந்த மைக் என்னென்ன கேட்கிறது என்பதை ஒருமுறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கவனியுங்கள். முதலில் கேட்பது உங்கள் மூச்சு. அப்புறம் உங்கள் விரல் லென்ஸ் வளையத்தில் நகரும் சத்தம், ஆட்டோஃபோகஸ் மோட்டார் இழுக்கும் சத்தம், படம் நடுங்காமல் பார்த்துக்கொள்ளும் லென்ஸின் ஸ்டெபிலைசர் விடாமல் முனகும் சத்தம். இவையெல்லாம் மைக்குக்கு இரண்டு மூன்று அங்குலத் தூரத்தில் நடக்கின்றன, கேமராவின் உடல் வழியாகவே மைக்குக்குப் போய்ச் சேர்கின்றன. பேசுபவர் இருப்பதோ இரண்டு மீட்டர் தள்ளி. இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இதோடு ஏஜிசி என்கிற தானியங்கி ஒலியளவும் சேர்ந்துகொள்கிறது. சத்தம் குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றும். ஆனால் ஒருவர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, அடுத்ததைச் சொல்லுமுன் யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மூன்று வினாடி மௌனத்தைக் கேமரா குறையாக நினைத்து, கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றிக்கொண்டே போகும். பின்னணியில் “ஷ்ஷ்ஷ்” என்ற இரைச்சல் மெல்ல மேலே வரும். அவர் மறுபடி வாயைத் திறந்த உடனே அது சட்டென்று அமுங்கும், முதல் சொல் வெடித்து விழும். நல்ல பேட்டியில் மௌனங்களுக்குத்தான் மதிப்பு அதிகம். அவற்றைத் தேடித் தேடிக் கெடுக்கிற வசதி இது. ஆகவே மெனுவுக்குள் போய் ஒலிப்பதிவை மேனுவலுக்கு மாற்றுவது முதல் வேலை.

மேனுவலில் எவ்வளவு வைப்பது? கேமராவின் உள் பெருக்கி பெரும்பாலும் சுமாரானது. அதை அதிகம் ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். எனவே கேமராவில் கெயினை மிகக் கீழ்ப் படியிலிருந்து ஒன்றிரண்டு படி மட்டும் ஏற்றி வைத்துவிட்டு, தேவையான பலத்தை மைக் பக்கத்திலிருந்து கொடுப்பது நல்லது. ரோட் வீடியோமைக் ப்ரோ போன்ற சில மைக்குகளின் பின்பக்கம் 20 டெசிபல் (ஒலியளவின் அலகு) கூட்டும் ஒரு சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான். அந்தச் சுவிட்சைப் போட்டுக் கேமரா கெயினை இறக்கிப் பாருங்கள். இரைச்சல் எவ்வளவு அடங்குகிறது என்பது முதல் முறையிலேயே காதில் தெரியும்.

இவ்வளவு சொன்னாலும், எந்த சுவிட்சும் எந்த மெனுவும் செய்யாத ஒன்றைத் தூரம் செய்யும். திறந்த வெளியில் பேசுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டர், அதிலிருந்து அரை மீட்டர், அதிலிருந்து 25 சென்டிமீட்டர் என்று மூன்று முறை பாதியாக்கினால் 18 டெசிபல். அறையின் எதிரொலியும் தெரு இரைச்சலும் அப்படியே இருக்க, குரல் மட்டும் அவ்வளவு முன்னால் வந்து நிற்கும். சாதாரண மைக்கை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த குரல், விலை உயர்ந்த மைக்கைக் கேமராவின் தலையில் பொருத்தி எடுத்த குரலைவிட நன்றாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். லென்ஸுக்கு ஜூம் உண்டு, மைக்குக்கு ஜூம் கிடையாது. 85 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு நாலு மீட்டர் பின்னால் போய் நின்றுகொண்டால் முகம் அழகாக வரும். காதும் அங்கேயே நின்றால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

ஒரு தச்சரைப் பேட்டி எடுத்த அனுபவம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வயதானவர், மெதுவாகப் பேசுபவர். அவர் பட்டறையிலேயே, அவர் வேலை செய்யும்போதே பேச வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. மேலே தகரக் கூரை, மூன்று பக்கம் செங்கல் சுவர், நாலாவது பக்கம் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. கேமரா அவரிடமிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி. நிமிர்ந்து கேமராவைப் பார்த்துப் பேசும்போது குரல் ஒரு மாதிரி, குனிந்து பலகையில் இழைப்புளி போட்டுக்கொண்டே பேசும்போது இன்னொரு மாதிரி. குனிந்தால் குரல் நேராகப் பலகையில் விழுந்து சிதறியது. சட்டையில் காலர் மைக் குத்தினால் அவர் கை வேகமாக ஆடும்போதெல்லாம் துணி உரசியது.

கடைசியில் இரண்டு மைக் வைத்தோம். ஒன்றை ஒரு கம்பியில் பொருத்தி, ஃபிரேமுக்குச் சற்று மேலே, அவர் நெற்றிக்கு முன்னாலிருந்து நெஞ்சைப் பார்த்துச் சாய்வாக இறக்கினோம். அவர் நிமிர்ந்தாலும் குனிந்தாலும் வாய் அந்த மைக்கின் எல்லைக்குள்ளேயே இருந்தது. இன்னொன்று காலர் மைக். அதை அவர் சட்டையில் குத்தாமல் வேலை செய்யும் மேசையின் விளிம்பில், ஒரு துணி மடிப்புக்குள் சொருகி வைத்தோம். இழைப்புளி மரத்தைச் சீவிக்கொண்டு போகும் அந்தச் சத்தம், சுருள் சுருளாக மரச்சீவல் விழும் மெல்லிய சலசலப்பு, எல்லாம் அதில் தனி டிராக்காகப் பதிவானது. எடிட்டிங்கில் பேச்சு ஒரு கையில், வேலையின் சத்தம் இன்னொரு கையில் என்று தேவைக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்க முடிந்தது. ஒரே மைக்கில் இரண்டையும் பிடித்திருந்தால் ஒன்றைக் கூட்டும்போது இன்னொன்றும் கூடியிருக்கும்.

உட்கார்ந்து பேசுகிற பேட்டிக்குக் காலர் மைக்கே போதும். அதைக் குத்தும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில். தோள் பக்கமாகக் குத்தினால் தலையை மறுபக்கம் திருப்பும்போது குரல் மங்கும். கழுத்துக்கு மிக அருகில் குத்தினால் முகவாயே ஒலியை மறைத்துக் குரல் அடைத்தது போல வரும். கிளிப்புக்குக் கீழே ஒயரை ஒரு சிறிய வளையமாகச் சுற்றிக் கிளிப்பிலேயே செருகிவிட்டால், கீழே ஒயர் இழுபட்டாலும் அந்த அதிர்வு மைக்குக்கு ஏறாது. மைக்கைச் சட்டைக்குள் மறைக்க வேண்டுமா? துணி ஒட்டும் டேப்பை, ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி சின்ன முக்கோணமாக மடித்து இரண்டு செய்யுங்கள். மைக்கை அவற்றின் நடுவில் வைத்து, ஒரு முக்கோணம் சட்டையிலும் மற்றது உள் சட்டையிலோ தோலிலோ ஒட்டும்படி அமர்த்துங்கள். துணியும் மைக்கும் சேர்ந்தே நகரும், உரசல் அடங்கிவிடும். “ப”, “ப்ப” வரும்போதெல்லாம் மூச்சு மைக்கில் மோதினால் மைக்கைத் தலைகீழாகத் திருப்பிக் குத்துங்கள். பெரும்பாலான காலர் மைக்குகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்பவை, தலைகீழாக இருந்தாலும் குரல் மாறாது. ஒருவர் உடையில் கை வைக்குமுன் “ஐயா, மைக்கை நான் குத்தட்டுமா, நீங்களே குத்திக்கிறீங்களா?” என்று கேட்பது மரியாதை. பெண்களிடம் மைக்கைக் கொடுத்து, எப்படிக் குத்துவது என்று என் சட்டையில் காட்டிவிடுவேன்.

நீளக் குழாய் போன்ற ஷாட்கன் மைக்கைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. அது தூரத்துக் குரலை இழுத்துக்கொண்டு வரும் என்று நினைக்கிறார்கள். அது எதையும் இழுக்காது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியைக் குறைக்கும், அவ்வளவுதான். அதையும் உயர்ந்த சுருதியில்தான் நன்றாகச் செய்யும், தாழ்ந்த சுருதியில் அவ்வளவாக முடியாது. வெளியிடத்தில் இது பெரிய உதவி. சின்ன, வெறுமையான அறைக்குள்ளோ சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும் அதே குரல் பக்கவாட்டுத் துளைகள் வழியாக நுழைந்து, ஒரு பாதி கழிந்து ஒரு பாதி சேர்ந்து, குரலில் ஒரு குழாய்த்தன்மையைக் கொண்டுவந்துவிடும். உள்ளே எடுக்கும்போது குழாய் இல்லாத, முன்பக்க ஒலியையே அதிகம் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு அல்லது ஹைப்பர்கார்டியாய்டு மைக் இயல்பாக ஒலிக்கும். எதுவானாலும் கேமராவின் தலையிலிருந்து கழற்றி, ஸ்டாண்டிலோ கம்பிலோ பொருத்தி, ஃபிரேமின் விளிம்பு வரை கொண்டு போங்கள். எங்கே விளிம்பு என்று தெரிய ஓர் எளிய வழி: மைக்கை ஃபிரேமுக்குள் தெரியும் வரை இறக்கச் சொல்லி, பிறகு மறையும் வரை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பதும் ஒலிப்பதிவில் சேர்ந்ததுதான். உள்ளே நுழைந்ததும் ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். “டங்” என்று வால் நீண்டால், அந்த அறையில் எவ்வளவு நல்ல வெளிச்சம் விழுந்தாலும் நான் தயங்குவேன். துணியும் மெத்தையும் புத்தக அலமாரியும் நிறைந்த சின்ன அறை, பளபளக்கும் பெரிய கூடத்தைவிட ஒலிக்கு எவ்வளவோ மேல். வேறு அறை இல்லையென்றால், கேமராவில் தெரியாத இடங்களில் கனத்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். பேசுபவரின் காலடியில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் முக்கியம், ஏனென்றால் அவர் குரல் நேராகப் போய் மோதுவது அங்கேதான்.

பிறகு மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ். நம் மூளை இவற்றைக் கேட்காமல் இருக்கப் பழகிவிட்டது, மைக் பழகவில்லை. ஃபிரிட்ஜ் பேட்டி தொடங்கும்போது ஓசையில்லாமல் இருந்துவிட்டு, நடுவில் தானாக ஓட ஆரம்பிக்கும். அப்போது வெட்டி ஒட்டும் இடங்களில் எல்லாம் பின்னணி மாறிக்கொண்டே இருக்கும். அதை அணைத்துவிட்டு, வண்டிச் சாவியை அந்த ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களிடம் நெடுநாளாக இருக்கும் பழக்கம். அதை மறுபடி போடாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

இத்தனையையும் கண்டுபிடிக்க ஒரே கருவி ஹெட்போன். காதை முழுக்க மூடும் ரகம் வேண்டும். சோனி எம்டிஆர் 7506 பல வருடங்களாக இந்த வேலைக்கே பெயர்போனது. திரையில் ஆடும் லெவல் மீட்டர், ஒலி வருகிறது என்று மட்டும் சொல்லும். வருவது குரலா, துணி உரசலா, ஒயரில் ஏறிய மின்சார உறுமலா என்று அதற்குத் தெரியாது. கேமராவில் ஹெட்போன் ஜாக் இல்லையென்றால் தனி ரெக்கார்டரில் செருகிக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு நிமிடம் பதிவு செய்து, போட்டுக் கேட்ட பிறகே தொடங்குங்கள். ஹெட்போனில் ஏதாவது கேட்டால் கூச்சப்படாமல் நிறுத்த வேண்டும். “ஐயா, ஒரு நிமிஷம், அந்த லாரி போயிடட்டும். இதை இன்னொரு தடவை சொல்றீங்களா?” என்று கேட்டதற்காக யாரும் என்மேல் கோபித்துக்கொண்டதில்லை. இரண்டாவது தடவை பெரும்பாலும் இன்னும் தெளிவாகவே சொல்வார்கள்.

லெவல் வைக்க “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணச் சொல்வதில் பயனில்லை. எண்ணும்போது யாரும் தாம் பேசுகிற மாதிரிப் பேசுவதில்லை. “காலையிலிருந்து என்னென்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டுவிட்டுப் பேசவிடுங்கள். மீட்டரின் மேல் எல்லை பூச்சியம். சாதாரணமாகப் பேசும்போது உச்சம் அதற்குக் கீழே மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சிரித்தால், உணர்ச்சிவசப்பட்டால் மைனஸ் 6 வரை போகலாம். பூச்சியத்தைத் தொட்டால் அந்த இடத்தில் ஒலி கிழிந்துவிடும், அதைத் தைக்க வழியில்லை. படத்தில் வெள்ளை எரிந்துபோனால் விவரம் திரும்பி வராது என்பது புகைப்படக்காரர்களுக்குத் தெரியும். ஒலியிலும் அதே கணக்குதான்.

தனி ரெக்கார்டர் வைத்துக்கொள்வது கேமராவின் சுமாரான பெருக்கியிலிருந்து முழு விடுதலை. ஜூம் எச்1, எச்4என், டாஸ்காம் டிஆர்-40 போன்ற சின்ன ரெக்கார்டர்கள் டிஎஸ்எல்ஆர்காரர்களிடம் பரவியதற்குக் காரணம் அதுதான். வேவ் (WAV) கோப்பு வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். 44.1 என்பது குறுந்தட்டுக்கான (சிடி) கணக்கு; வீடியோவுக்கு 48. ஸ்டீரியோவாக எடுத்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபிதான் ஆகும். இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3-க்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. ரெக்கார்டர் வாங்க இப்போது வசதியில்லை என்றால் கையில் இருக்கும் போனையே சட்டைப் பையில் போட்டு, காலர் மைக்கை அதில் செருகலாம். ஏரோபிளேன் மோடுக்கு மட்டும் மாற்றிவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும்.

தனியாகப் பதிவு செய்தாலும் கேமராவிலும் ஒலி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது படத்தோடு போகாது, பொருத்திப் பார்க்க மட்டும் உதவும். இரண்டும் ஓடத் தொடங்கியதும் ஃபிரேமுக்குள் ஒரு கைத்தட்டு. டைம்லைனில் இரண்டு கூர்முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வேலை முடிந்தது. டாவின்சி ரிசால்வ், பிரீமியர், ஃபைனல் கட் போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாமே ஒலி அலையைப் பார்த்துத் தாமாகவே பொருத்தும். ஆனால் கேமரா வெகுதூரத்தில் இருந்தால் அவை ஏமாறும். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் ஓடுகிறது. வினாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஒரு ஃபிரேம் 40 மில்லிவினாடி, அதற்குள் ஒலி கடப்பது 14 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அரங்கின் கடைசி வரிசையில் 28 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்குக்கு ஒலி இரண்டு ஃபிரேம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதோடு பொருத்தினால் நல்ல ஒலியும் அதே அளவு பின்தங்கி, உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் ஆகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒலியை இரண்டு ஃபிரேம் முன்னால் நகர்த்தி, உதட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீண்ட பதிவில் இன்னொன்றும் நடக்கும். கேமராவுக்கு ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்கு ஒரு கடிகாரம். இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவினாடி விலகிவிடும், அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம். தொடக்கத்தில் பொருந்தியது முடிவில் பொருந்தாமல் போவது இதனால்தான். டிஎஸ்எல்ஆர்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் தாமாகவே நின்றுவிடுகின்றன என்பதால் இதற்கு ஓர் இயல்பான தீர்வும் இருக்கிறது. கேமராவை மறுபடி ஓடவிடும்போதெல்லாம் ஒரு கைத்தட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பொருத்துவது. ரெக்கார்டரை மட்டும் நடுவில் நிறுத்தவே கூடாது.

மேடை நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கி மேசையிலிருந்து (மிக்சர்) நேரடியாக ஒயர் வாங்குவது வழக்கம். அந்த மேசையிலிருந்து வருவது லைன் லெவல், மைக் தருவதைவிடப் பல மடங்கு பலமான சமிக்ஞை. கேமராவின் மைக் ஜாக்கில் நேராகச் செருகினால் கெயினை எவ்வளவு இறக்கினாலும் கிழியும். இடையில் அளவைக் குறைக்கும் ஒயர் வேண்டும், அல்லது லைன் இன்புட் உள்ள ரெக்கார்டர் வேண்டும். ஒரு நிகழ்ச்சியில் எல்லாம் சரியாக வைத்த பிறகு, மேசையில் இருந்தவர் நடுவில் ஒரு பேச்சாளருக்காக மொத்த அளவையும் ஏற்றிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லவேளையாக ரெக்கார்டரின் இரண்டாவது தடத்தில் அதே ஒலியை 12 டெசிபல் குறைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தோம். முதல் தடம் கிழிந்த இடங்களில் எல்லாம் இரண்டாவது தடம் கைகொடுத்தது. இன்னொன்று, மேசையிலிருந்து வருவது மேடை மைக்குகளில் விழுந்தது மட்டும்தான். அரங்கின் கைத்தட்டலும் சிரிப்பும் அதில் இருக்காது. அதற்கு ஒரு மைக்கைப் பார்வையாளர்களை நோக்கி வைத்தால்தான் நிகழ்ச்சிக்கு உயிர் வரும்.

காற்றுக்கு மைக்கோடு வரும் பஞ்சு உறை போதாது. அது அறைக்குள் மூச்சுக்காற்றைத் தடுக்கும், அவ்வளவே. வெளியில் நீண்ட ரோமம் வைத்த உறை கட்டாயம். மைக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த சுருதியைக் குறைக்கும் லோ கட் சுவிட்ச் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், பேச்சுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. உறை இல்லாத நேரத்தில் பேசுபவரைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தால் அவர் உடம்பே காலர் மைக்குக்கு மறைப்பாகிவிடும்.

வயர்லெஸ் மைக்குகள் இப்போது தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டன. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை மனித உடம்பைக் கடந்து போகத் திணறும். டிரான்ஸ்மிட்டர் ரிசீவரைப் பார்த்தபடி இருக்கட்டும். பின் இடுப்பில் மாட்டிவிட்டு முன்னாலிருந்து எடுத்தால் வெட்டு விழ வாய்ப்பு அதிகம். ஆட்கள் கூடக் கூட, அதே அலைவரிசையில் ஓடும் வைஃபையின் நெரிசலும் கூடும். காலியான அரங்கில் செய்த சோதனையை நம்ப வேண்டாம். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வசதி இருந்தால் அதை எப்போதும் ஓடவிடுங்கள். பிளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். போனுக்கான மைக் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டு. இதை அதில் செருகினால் ஒலியே வராது அல்லது இரைச்சல்தான் வரும். அதற்கான சின்ன அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

கிளம்புமுன் அறையின் மௌனத்தை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். எல்லோரும் இருந்த இடத்திலேயே அசையாமல் இருக்க, மைக் இருந்த இடத்திலேயே இருக்க. எடிட்டிங்கில் ஒரு இருமலை வெட்டி எடுத்தால் அங்கே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்ப அதே அறையின் காற்றைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது. இரைச்சல் நீக்கும் மென்பொருளையும் அளவாகத்தான் கையாள வேண்டும். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். மெல்லிய இரைச்சலோடு இருக்கும் இயல்பான குரலையே நான் விரும்புவேன். இரண்டு மைக்கில் ஒரே குரல் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஓடவிடாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தூர வித்தியாசத்தால் அவை ஒன்றையொன்று தின்று, குரல் மெலிந்துவிடும்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் வரிசை இது. முதலில் ஹெட்போன். அப்புறம் ஒயர் உள்ள காலர் மைக். ஒயரில் பேட்டரி தீராது, சிக்னல் அறுபடாது. அதன் பிறகு ரெக்கார்டர், பிறகு ஒரு ஸ்டாண்டும் உள்ளறைக்கு ஏற்ற மைக்கும், கடைசியில் வயர்லெஸ். ரெக்கார்டர் வாங்கும் கட்டத்தில் ஜூம் எஃப்3 போன்ற 32 பிட் ஃப்ளோட் கருவிகள் எட்டும் தூரத்தில் இருந்தால் அதற்கே போகலாம். பூச்சியத்தைத் தாண்டிய சத்தத்தையும் பிறகு இறக்கிக்கொள்ள முடியும் என்பதால், ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் ஒரே ஆள் பார்க்கும் படப்பிடிப்புக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதிலும் மைக் தாங்காத அளவுக்குச் சத்தம் வந்தால் மைக்கிலேயே கிழிந்துவிடும். தூரத்தில் வைத்த மைக்கில் அறையின் எதிரொலி எதிரொலியாகவேதான் பதிவாகும்.